விருந்தாளிக்குத் தண்ணீர்

எங்கள் மாடியில் குடியிருந்தவளைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தால், பொய் சொல்லத் தெரியாத பெண் என்று சொல்லாதவர்கள் கிடையாது. எனக்கு மட்டும் சிரிப்பு வரும். அவளைக் கேட்டால் தான் பொய்யே சொன்னதில்லை என்பாள். பிடிக்காத ஒன்று கண்ணில் பட்டால் அதை உள்ளே தள்ளி, மேலே அழகாக மூடிவிடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர், "மடிப்புக்குள்ள போயிடும் அக்கா."

அது அவள் வேலையிலிருந்து வந்த பேச்சு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தடம், முள்கம்பி கீறிய கோடு, மாட்டுக்கு வைத்த சூட்டுக்குறி எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வெட்டுகிறவர் அந்த வட்டங்கள் ஷூவின் முகப்பில் வராதபடி பார்த்து வெட்டுவார். சின்னக் குறையாக இருந்தால் ஓரத்தில் வருவதுபோல் வெட்டுவார்கள். ஓரம் மடிந்து அடிப்பாகத்துக்குள் போய்விடும். வாங்குகிறவன் கண்ணில் படாது.

கம்பெனியில் கற்றுக்கொண்டதை அவள் கம்பெனியோடு விட்டுவிட்டு வரவில்லை. தோசை கருகினால் கருகிய பக்கத்தை உள்ளே வைத்து மடித்துத் தட்டில் போடுவாள். சுவரில் விரிசல் இருந்த இடத்தில்தான் காலண்டர் தொங்கும். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார்தான் போடுவாள். "இன்னாம்மா, உனக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்று ஒருநாள் கேட்டேன். "தோல் வாசனை கையில ஒட்டிக்கும் அக்கா, அதான்" என்றாள். நானும் நம்பினேன்.

அவள் எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது மகள் யாழினிக்கு ஏழு வயது. சொந்த ஊர் நெமிலிப் பக்கம் என்றாள். வீட்டுக்காரர் கப்பலில் வேலை என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. என் வீட்டுக்காரருக்கும் ஓசூரில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆம்பிளை இல்லாத வீட்டில் இருக்கும் பெண்ணை நான் என்ன கேள்வி கேட்பது?

அட்வான்ஸ் கொடுக்க வந்த அன்று என் புத்தக அலமாரியைப் பார்த்தாள். வந்த வேலை மறந்துபோய்விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா! ஏழு வாசல்! ஏழும் இருக்குதா?"

எங்கள் இருவருக்கும் சின்ன வயதுப் பைத்தியம் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு வாசல் என்பது சிறுவர்களுக்கான மாயக்கதை வரிசை, ஏழு புத்தகம். செவந்தி என்கிற சிறுமியும் பேசிக்கொண்டே பறக்கிற ஒரு கழுதையும் ஏழு கோட்டைகளைத் தாண்டிப் போவார்கள். நான் என் அப்பாவை நச்சரித்து ஒவ்வொன்றாக வாங்கியது. அவள் ஹாஸ்டலில் படித்திருக்கிறாள். அங்கே ஐந்தாவது புத்தகம் மட்டும் கிடையாதாம். இருபது வருஷமாக நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலே வாழ்ந்துவிட்டேன் என்று சொல்லி, ஐந்தாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாடகைக்காரியை எனக்கு இவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனது அதுவே முதல் தடவை.

பள்ளிக்கூடம் விட்டதும் யாழினி என் வீட்டில்தான் இருப்பாள். நான் டீச்சர் என்பதால் நாலரைக்கெல்லாம் வந்துவிடுவேன். கம்பெனி வண்டி ஆறரைக்கு அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, மொட்டைமாடியில் பாயை விரிப்பாள். யாழினியும் என் மகள் கவியும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொள்வார்கள். நான் துணி மடிக்கிற சாக்கில் போய் உட்காருவேன்.

அவள் படிப்பது போல இன்னொருத்தர் படித்து நான் கேட்டதில்லை. கழுதை அச்சு அசலாக ஆம்பூர் ஆட்டோக்காரரைப் போலப் பேசும். "இன்னாமா செவந்தி, ரெண்டு கோட்டைக்கு ஒரு கோட்டை ஜாஸ்தியா சுத்த வெக்கிற? ரெக்கை வலிக்குது, பேஜாரு பண்ணாத!" பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். புத்தகத்தில் அந்தக் கழுதை சுத்தத் தமிழில் பேசும். அதை இவள் மாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்றாவது புத்தகத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

அதில் விருந்தாளி வருவான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நனைந்துபோய், கோட்டை வாசலில் நின்று, நமக்கு வேண்டிய ஒருவரின் குரலில், "ஒரு சொம்பு தண்ணி" என்று கேட்பான். மூன்று தடவை வருவான். மூன்று தடவையும் திறக்காமல் இருந்துவிட்டால் அந்த ஊருக்கு அப்புறம் வரவே மாட்டான். மூன்றாவது கோட்டையின் வாசல்காரக் கிழவி இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். மூன்றாவது தடவை மனசு கேட்காமல் திறந்துவிடுவாள். விடிந்து பார்த்தால் ஊரில் ஒரு ஆள் இருக்காது. எல்லா வீட்டிலும் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்த வயதில் நான் ஒரு வாரம் எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குத் தனியாகப் போகவில்லை.

அவள் படித்தபோது கிழவி கதவைத் திறந்தாள். விருந்தாளி தண்ணீரைக் குடித்தான். குளிர் விட்டுப்போய், தேம்பித் தேம்பி அழுதான். "இத்தனை நாளா யாருமே எனக்குத் தண்ணி குடுக்கல" என்றான். நல்லவனாக மாறினான். ஊரே கூடி அவனுக்குச் சாப்பாடு போட்டது. பக்கத்தின் மேல் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

யாழினி நிம்மதியாகத் தூங்கப் போனாள். கவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே அவளுக்குப் படித்துக் காட்டியிருந்த கதை அது.

மறுநாள் பிள்ளைகளுக்குள் சண்டை. "விருந்தாளி கெட்டவன்டி. ஊரையே தூக்கிட்டுப் போயிடுவான்" என்றாள் கவி. "எங்கம்மா படிச்சாங்க, நீ பாத்தல்ல? புக்லயே அப்படித்தான் இருக்கு" என்றாள் யாழினி. புத்தகத்தைத் திறந்து காட்டினால் தீர்ந்துவிடும் சண்டைதான். ஆனால் யாழினி இங்கிலீஷ் மீடியம். தமிழில் தன் பேரை எழுதுவாள், கடை போர்டை எழுத்துக்கூட்டுவாள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் இன்று அப்படித்தான். அம்மா படித்துச் சொல்வதுதான் அவளுக்குப் புத்தகம்.

நான் அவளிடம் நேராகவே கேட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ற? அந்தக் கதையோட உயிரே அதுதானே?"

"பயந்துக்குவா அக்கா. ராத்திரியில பாயை நனைச்சிடறா. அந்த ஒரு எடம்தானே? மடிப்புக்குள்ள போயிடும்."

"பயப்பட வேண்டியதுக்குப் பயப்படட்டுமே."

அவள் துணிக்கொடியில் கிளிப்பைச் சரிசெய்தாள். பிறகு சம்பந்தமே இல்லாததுபோல் ஒன்று சொன்னாள். "போன மாசம் ஒரு லாட்டு எங்க செக்ஷனுக்கே திரும்பி வந்திடுச்சு அக்கா. ஓரத்துல கீறல் இருந்த தோலு. ஷூ அச்சுல ஏத்தி இழுத்தாங்களா, அந்த மடிப்புலயே கிழிஞ்சிடுச்சு. இழுவை பூரா அங்கதானே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அப்போது எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் போன் எப்போதும் ஊமையாகத்தான் இருக்கும். மணி அடித்து ஒருநாளும் கேட்டதில்லை. கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். மெசேஜ் போட்டால் பார்ப்பாள். புது எண்ணிலிருந்து ஏதாவது வந்தால் கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். பிறகு போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கம்பெனி லோன்காரங்க" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை, கம்பெனிக்கு வேலைநாள். பிள்ளைகள் இருவரும் என் வீட்டில்தான் விளையாடினார்கள். பதினோரு மணி இருக்கும். யாழினி நாலாவது புத்தகத்தை எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வற்றல் காயவைக்க மொட்டைமாடிக்குப் போயிருந்த கவி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அம்மா, யாழினி ஒரு ஆள் கையப் புடிச்சிக்கினு தெருமுனைல போறா. எனக்கு டாட்டா காட்டினா."

மாடிக்கு ஓடினேன். மாடி வீட்டு கிரில் கேட் திறந்து கிடந்தது. நாற்காலி ஒன்று வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதன் கீழே காலி சொம்பு, தட்டில் இரண்டு பிஸ்கட். சாப்பிட்டதுபோக மிச்சம்.

கம்பெனிக்குள் போனை எடுத்துப் போக விட மாட்டார்கள். கம்பெனி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அந்த மனுஷன் நல்ல மனுஷன், ஒரு கேள்வி கேட்கவில்லை, "இதோ மேடம்" என்று ஓடினார். கவியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன்.

அங்கே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாழினி பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த ஆள், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பார்த்தால் யாரும் தங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கேட்பார்கள்.

"டீச்சரம்மாவா? பாப்பா சொன்னா. உக்காருங்க, டீ சொல்லட்டுமா?" அவ்வளவு இதமான குரல். நான் உட்காரவில்லை. யாழினியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அதைத் தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தான்.

அவள் யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினாள். கம்பெனி ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை. பையில் வெள்ளிப் பேனா இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் யாழினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா! கதையில வர்ற மாதிரியே வந்து தண்ணி கேட்டாரும்மா. நான் பயப்படவே இல்ல, தொறந்தேன். பாத்தா அப்பா! கப்பல்லேந்து வந்துட்டாரு!"

அவன் அவளைப் பார்த்து, "சொல்லேன். குழந்தைகிட்ட சொல்லு, நான் யாருன்னு" என்றான். அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அதே பயம்தான். இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஆமாம் கண்ணு அப்பாதான் என்று சொல்லி இதையும் மடித்துவிடுவாள், அந்தப் பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே கிளம்ப நின்ற பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

அவள் இடது கைப் பட்டனைக் கழற்றினாள். சுடிதார் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அளவுக்கு, ஒன்றன் கீழ் ஒன்றாகத் தழும்புகள். பேக்கரிக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அப்பாதான். இது அவரு வெச்ச சூடு" என்று மகளிடம் சொன்னாள். "கப்பல்லாம் கெடையாது. நாமதான் ஓடி வந்தோம்."

யாழினி பாதாம் பாலைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். அவன் கோபப்படவே இல்லை. காசை எண்ணி மேசையில் வைத்தான். "வெயில்ல வேலை செஞ்சு தலை சூடாயிடுச்சு, பாவம்" என்று பேக்கரிக்காரரிடம் சொன்னான். அந்தப் பஸ் நகரும்போது படியில் நின்று, "அப்புறம் வர்றேன்" என்றான்.

அன்றைக்கே அவளை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். புகாரை வாங்கிக்கொண்டு, அவனைப் போனில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அவன் எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவளே பாயை விரித்தாள். மூன்றாவது புத்தகத்தைத் திறந்து, வாசல்காரக் கிழவி வரும் இடத்திலிருந்து படித்தாள். கழுதைக் குரல் இல்லை, ஒரு குரலும் இல்லை. அச்சில் இருந்தது இருந்தபடி, அடுப்புகள் எரிகிற கடைசி வரி வரைக்கும் படித்தாள். கவிக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் மடிக்கு வந்துவிட்டாள்.

யாழினி அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள். "நான் முதல் தடவையே தொறந்துட்டேனேம்மா" என்றாள்.

"ஆமா."

"மறுபடியும் வருவாரா?"

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இல்லை என்று சொல்லிவிடேன் என்று எனக்கே தோன்றியது. கதையை மாற்றினாள் என்று அவளைக் கடிந்துகொண்டவள் நான். அன்றைக்கு நான்தான் பொய்க்கு ஏங்கினேன்.

"வருவாரு" என்றாள் அவள். "நீ தொறக்கக் கூடாது."

இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்தாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சா உங்க மூஞ்சிலயே தெரிஞ்சிடும் அக்கா. நீங்க குறையை வட்டம் போட்டுக் காட்டற ஜாதி" என்றாள். ஏழு புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அவளே படிக்கணும். இனிமே தமிழ் நான் கத்துக்குடுக்கறேன்." எதிர்வீட்டுக்காரரின் குட்டி யானை வண்டியில் சாமான் ஏறியது. எதிர்வீட்டு அம்மா, "ஏம்மா, நல்லாத்தானே இருந்த?" என்று கேட்டபோது, "கம்பெனியில மாத்திட்டாங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் காதிலும் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுப் போயேன் என்று நினைத்தேன். மகளிடம் சொல்லிவிட்டாளே, அதுவே அவளுக்கு ஒரு ஆயுளுக்குப் போதுமானது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவன் வந்தான். முதலில் ஒரு மாதம் கழித்து, கையில் மக்கன் பேடா ஸ்வீட் டப்பாவோடு. எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. பொங்கல் முடிந்து இன்னொரு தடவை, பாப்பாவுக்கு பேங்கில் கணக்கு திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு. தெரியாது என்றேன்.

மூன்றாவது தடவை வந்தபோது நல்ல மழை. பட்டப்பகலிலேயே தெரு இருட்டிக் கிடந்தது. தலையிலிருந்து கால் வரை நனைந்து, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சரம்மா, ஒரு சொம்பு தண்ணி."

வாசலில் வந்து தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கை தானாகப் போய்ச் சொம்பை நிரப்பிவிட்டது. கேட்டுக்கு அருகில் வந்த பிறகுதான் பார்த்தேன். கம்பி இடுக்கில் சொம்பு நுழையாது. தாழ்ப்பாளைத் திறந்தால்தான் கொடுக்க முடியும்.

"அம்மா" என்றாள் கவி பின்னாலிருந்து. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

அவன் சொம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சரம்மா. எது நடந்தாலும் வெளிய காட்டமாட்டா. அதனாலதான் அவளை எனக்கு அவ்ளோ புடிக்கும்" என்றான்.

கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகவில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் நின்று, அதே குரலில், "அம்மா" என்று கூப்பிட்டான். எதிர்வீட்டு அம்மாவுக்கு என்ன தெரியும்? மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கம்பெனியில் மாற்றல், வீட்டுக்காரர் கப்பலில் வேலை. அவ்வளவுதான் தெரியும். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் மழையிலும் கேட்டது.

என் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம், சூட்டையும் தழும்பையும் ஓடி வந்ததையும், நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஜன்னல்கள் திறந்தன. அதற்குள் அவன் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தான். சொம்பை இரண்டு கையாலும் எதிர்வீட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மழையில் இறங்கி நடந்தான்.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வண்டி போன ஊரு, குடியாத்தம்னு மட்டும்தான் சொன்னேன் டீச்சர். கப்பல்லேந்து வந்துட்டாரேன்னு நெனச்சேன். இன்னா ஆச்சு?"

ஈரக் கையோடு போனை எடுத்தேன். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள் என்று தெரியும், ஆனாலும் கூப்பிட்டேன். பிறகு எழுதினேன்: வந்தார். குடியாத்தம் என்று தெரிந்துவிட்டது. இப்போதே கிளம்பு.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ் ஓரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாள் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் கிடையாது.

படித்துவிட்டாள், அது மட்டும் நிச்சயம். எதையும் மடிக்காமல், இருந்ததை இருந்தபடி படித்திருப்பாள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.